இன்னொரு ராடு

சங்ககிரி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சௌமியா முதலில் பார்த்தது தன்னுடைய முகத்தைத்தான். இருபதடி உயரத்தில், உதட்டில் யாரோ கம்ப்யூட்டரில் பூசிவிட்ட சிவப்புச் சாயத்தோடு அது சிரித்துக்கொண்டிருந்தது. முகத்துக்குப் பின்னால் ஒரு பனிமலை. அது அவள் போய்வந்த மலையல்ல. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இணையத்தில் தேடி எடுத்த ஏதோ ஒரு வெளிநாட்டு மலை. அடிவாரத்தில் கழுத்தில் மணி கட்டிய இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ‘சிகரம் தொட்ட சிங்க மகளே வருக! ஏழாயிரம் மீட்டர் வென்ற எங்கள் இமயமே வருக!’ என்று எழுதி, கீழே வரவேற்பவர்களின் படங்களைப் போட்டிருந்தார்கள். வரவேற்பவர்கள் மலையைவிடப் பெரியவர்களாக இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மலையா காசு கொடுத்தது?

எல்லாம் சரி. சௌமியா அந்தச் சிகரத்தைத் தொடவில்லை என்பது ஒன்றுதான் குறை.

ஃப்ளெக்ஸுக்குக் கீழே அவளுடைய அப்பா வேலுமணி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் சம்பங்கி மாலையுமாக நின்றிருந்தார்.

“எப்படி இருக்குது?” என்றார், ஃப்ளெக்ஸைக் காட்டி.

“மாடு எதுக்குங்கப்பா?”

“மாடா? எங்க?” கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிப் பார்த்தார். “அட, ஆமா. சரி உடு. மலைன்னா மாடு மேயாதா?”

மாலையை அவள் கழுத்தில் போட்டார். பனி வெயிலில் கருத்து, மூக்கு நுனி தோலுரிந்திருந்த மகளை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். ஒரு கணம் வாய் கோணியது. உடனே சமாளித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். “வா சாமி, போலாம். உங்கம்மா ஆரத்தியக் கரைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறா.”

கார் திருச்செங்கோடு சாலையில் திரும்பியது. சௌமியா பேச்சை எடுத்தாள்.

“அப்பா, லடாக்கு லேயில இருந்து போன்ல சொன்னனுங்களே.”

“சொன்ன.”

“உச்சிக்குப் போகல, திரும்பிட்டம்னு சொன்னனே.”

“காதுல நல்லாத்தான் உழுந்துச்சு. ஆனா அப்பவே ஃப்ளெக்ஸ் அடிச்சு முடிச்சாச்சு.”

விஷயம் இதுதான். ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, ஃப்ளெக்ஸ் கடைகளில் ஈ ஓட்டுவார்கள். பிறந்ததிலிருந்து தள்ளுபடியில்லாமல் ஒரு சாமானும் வாங்கியறியாத வேலுமணி, மகள் மலையடிவார முகாமில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஆடித் தள்ளுபடியில் அவளுடைய வெற்றியை அச்சடித்து முடித்துவிட்டார். சங்ககிரியில் ஒன்று, திருச்செங்கோட்டில் நாலு முக்குக்கும் நாலு. முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து மண்டபமும் பேசியாயிற்று. புதிதாக வாங்கியிருக்கும் ரிக் வண்டிக்குப் பூஜை, அதோடு மகளுக்குப் பாராட்டு விழா. ஒரே சாப்பாடு, இரண்டு விசேஷம்.

“எத்தன மீட்டர் பாக்கி?” என்றார் வேலுமணி.

“நூத்தம்பது இருக்கும்.”

“அடியில சொல்லு.”

“ஐநூறு அடி.”

வேலுமணி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டார். அவர் ரிக் வண்டிக்காரர். போர்வெல் போடுகிற தொழில். பூமிக்குள் ஐநூறு அடி இறக்குவது அவருக்கு டீ குடிக்கிற இடைவெளி போக அரை நாள் வேலை.

“அரை நாள் வேலைய உட்டுட்டா வந்த?”

“அப்பா!”

“இல்ல சாமி, கேட்டுக்க. மொத்தம் இருபத்தி மூணாயிரம் அடி. அதுல ஐநூறு அடி எச்சா கம்மியா யாரு அளக்கறா? கடைசி ராடு பாதி எறங்குனாலும் முழு ராடுன்னுதான பில்லுப் போடறோம்?”

“அது பார்ட்டிகிட்டங்க. மலைகிட்ட பில்லுப் போட முடியுங்களா?”

பதில் வராதபோது வேலுமணி ஹாரன் அடிப்பார். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. அடித்தார்.

ரிக் தொழிலில் ராடு என்பது துளையிடும் இரும்புக் குழாய். நுனியில் ஹேமர் மாட்டி ஒரு ராடு உள்ளே இறங்கியதும், அதன் தலையில் அடுத்த ராடைத் திருகி இறக்குவார்கள். தண்ணீர் வராவிட்டால், “இன்னொரு ராடு போட்டுப் பார்க்கலாமுங்க” என்பது தொழிலின் தாரக மந்திரம். நிலம் வைத்திருக்கும் காட்டுக்காரருக்கு அதில் ஆசை, வண்டிக்காரருக்கு அதில் வருமானம். இந்த மந்திரத்தை வேலுமணி சொல்வதுபோல இனிப்பாக இன்னொருவர் சொல்ல முடியாது. அதனாலேயே ஒருமுறை மாட்டிக்கொண்டார். மராட்டியப் பக்கம் ஒரு காட்டில் இளகிய மண். ஹேமர் சத்தம் மாறுகிறது, ராடுகளை உருவிவிடலாம் என்று துளைபோடும் டிரில்லர் கெஞ்சினார். “இன்னொரு ராடு” என்றார் வேலுமணி. அந்த ராடு பாதி இறங்குவதற்குள் குழி உள்ளே சரிந்து, ஹேமரும் அத்தனை ராடுகளும் பூமிக்கே சொந்தமாகிவிட்டன. இன்றைக்கும் அங்கேதான் கிடக்கின்றன. அன்றிலிருந்து திருச்செங்கோட்டில் இன்னொரு ராடு வேலுமணி என்றால்தான் அவர் வீட்டுக்கு வழி சொல்வார்கள்.

சௌமியா மலைப்பக்கம் திரும்பியதற்கும் ஒரு போர்வெல்தான் காரணம். பள்ளி விடுமுறையில் ஒரு வருடம், இமாசலத்தில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவின் வண்டியைப் பார்க்க அம்மாவோடு போயிருந்தாள். அங்கே எல்லோரும் தண்ணீர் வருமா என்று குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் தலையை அண்ணாந்து எதிரே வெள்ளையாக நின்ற மலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது நிமிர்ந்த தலை பிறகு இறங்கவே இல்லை. கல்லூரியில் என்.சி.சி., அதன் வழியாக மலையேற்றப் பயிற்சி, பிறகு ஐயாயிரம் மீட்டர், ஆறாயிரம் மீட்டர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும், ஏன், எந்த ஆணும் அந்தப் பக்கம் போனதில்லை. கொல்லிமலைக்குப் போவதென்றாலே பஸ்ஸில் வாந்தி எடுக்கிற ஊர் இது.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பாவின் ரிக் உதிரிபாகக் கடையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். துளை போட்டுத் தேய்ந்துபோன இரும்பு பிட்டுகளை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் சங்ககிரிக் கோட்டை மலையில் ஏறி இறங்குவாள். கோட்டைக்கு வருகிற காதல் ஜோடிகள் இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டுதலோ என்று பரிதாபப்படுவார்கள். “மலையேறற புள்ளைக்கு மாப்பிள்ளைய எங்க தேடறது? ஏற்காட்டுலயா?” என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு, அவர்களுக்கே அலுத்துவிட்டது.

வீட்டு வாசலில் அம்மா பூவாத்தாள் ஆரத்தித் தட்டைச் சுற்றினார். சுற்றி முடித்துத் தட்டைக் கீழே வைத்ததும், “கையக் காட்டு” என்றார்.

“எதுக்கும்மா?”

“குளிருல வெரலு உழுந்துருமாம்ல. டிவில காட்டுனான். காட்டு.”

சௌமியா இரண்டு கைகளையும் நீட்டினாள். பூவாத்தாள் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்து, கத்தரிக்காய் வாங்குவதுபோலத் திருப்பியும் பார்த்தார். பத்தும் இருந்தன. “போனது எனக்குப் புடிக்கல. வந்தது புடிச்சுது. உள்ள வா, கோழி வறுத்திருக்கறேன்.”

சாப்பிடும்போது வேலுமணி திட்டத்தை விரித்தார். நாளை விழாவில் ரிக் உரிமையாளர் சங்கத் தலைவர் ஜெகதீஸ்வரன் ஒரு கேடயம் கொடுப்பார். அதோடு, சௌமியாவின் அடுத்த பயணத்தைச் சங்கமே பார்த்துக்கொள்ளும் என்று அறிவிக்கப் போகிறார். சௌமியா செய்ய வேண்டியதெல்லாம் கும்பிட்டு வாங்கிக்கொள்வதுதான்.

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“உன்ன ஆரு பொய் சொல்லச் சொன்னா? ஒண்ணும் சொல்ல வேண்டாம்னுதான் சொல்றேன். மைக்கக் குடுத்தா நன்றி வணக்கம்னு சொல்லிட்டு உக்காரு.”

“எனக்கு மறுபடி அதே மலைக்குப் போவோணும்ப்பா.”

“அதே மலைக்கா? செயிச்சுட்ட மலைக்கு எதுக்கு மறுபடி போவோணும்? வேற மலையா இல்ல?”

“நான் செயிக்கல.”

“ஊரே செயிச்சுட்டேங்குது, உனக்கு மட்டும் என்ன?”

சௌமியா அம்மாவைப் பார்த்தாள். உதவிக்கு வருவார் என்று நினைத்தாள். பூவாத்தாள் குழம்பை ஊற்றிக்கொண்டே, “அப்பா சொல்றதும் நல்லதுதான் கண்ணு. செயிச்சாச்சுன்னா அந்தப் பேச்சு முடிஞ்சுதில்ல? நீயும் மறுக்கா அங்க போக மாட்டியே” என்றார்.

ஆக, அப்பாவுக்கு மானம் மிச்சம், அம்மாவுக்குக் கவலை மிச்சம். பொய் அந்த வீட்டுக்கு எல்லா வகையிலும் லாபகரமாகத்தான் இருந்தது. நஷ்டம் சௌமியா ஒருத்திக்குத்தான். உண்மையைச் சொன்னால் சங்கத்தின் உதவி போகலாம். உதிரிபாகக் கடையை நம்பி இமயமலைக்குப் போக முடியாது. சொல்லாமல் விட்டாலோ, அந்த மலையே போய்விடும். வென்றவள் என்று கேடயம் வாங்கிக்கொண்ட பிறகு எந்த முகத்தோடு அதன் அடிவாரத்தில் போய் நிற்பது?

ஞாயிறு காலை மண்டபத்து வாசலில் புது ரிக் வண்டி வாழைமரம் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண்ணாக நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பூஜை முடிந்தது. திருச்செங்கோட்டில் ரிக் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மீதிப் பாதி வண்டியோடு ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் இருந்தார்கள். சங்ககிரி லாரிக்காரர்கள் ஒரு வரிசை, குமாரபாளையம் தறிக்காரர்கள் ஒரு வரிசை. பந்தி ஒன்பதரைக்கு என்று சொல்லியிருந்ததால் கூட்டத்தில் ஒரு பொறுப்புணர்வு தெரிந்தது.

முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார் காளிதாஸ். அவருக்கும் மூன்று வண்டிகள். தொழிலில் வேலுமணிக்குப் போட்டி, கேலியில் அவருக்குப் போட்டியே கிடையாது. ‘இன்னொரு ராடு’ என்று பெயர் வைத்தவரே அவர்தான்.

ஜெகதீஸ்வரன் மைக்கைப் பிடித்தார். “நாமெல்லாம் பூமிக்குள்ள போனோம். நம்ம பாப்பா ஆகாசத்துக்குள்ள போயிருக்குது. நாம தண்ணியத் தேடிப் போனோம். பாப்பா ஐஸாவே பாத்துட்டு வந்திருக்குது!” கைதட்டல். பொன்னாடை. பிறகு கேடயம். கண்ணாடியில் செய்த மலை, நடுவில் தங்க எழுத்தில் ஏழாயிரம். “இதோட நிறுத்தப் போறதில்லீங்க. பாப்பாவோட அடுத்த மலை நம்ம சங்கத்தோட பொறுப்பு! அம்மிணி, ரண்டு வார்த்தை பேசு.”

சௌமியா மைக் முன்னால் வந்தாள். கேடயத்தை வாங்காமல் வந்தாள் என்பதை முதலில் கவனித்தவர் பூவாத்தாள். வேலுமணி மேடையில் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, உதட்டசைவில் ‘நன்றி வணக்கம்’ என்று எடுத்துக்கொடுத்தார்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தக் கேடயத்த நான் வாங்க முடியாதுங்க. நான் உச்சிக்குப் போகல. நூத்தம்பது மீட்டர் கீழயே திரும்பிட்டேன்.”

பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“இதையும் சொல்லிடறனுங்க. அடுத்த நாளு வேற ஒரு குழு அதே சரிவுல ஏறி உச்சிக்குப் போயிட்டாங்க. பத்திரமாவும் எறங்கிட்டாங்க.”

ஒரு வியாபாரக் குடும்பத்துப் பெண் தன் சரக்கின் சொத்தையைத் தானே எடுத்துக் காட்டுவதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கூட்டம் திகைத்தது. காளிதாஸ்தான் முதலில் தெளிந்தார்.

“அட என்னங்கப்பா! இன்னொரு ராடு வேலுமணி ஊட்டுல இருந்து போயி, இன்னொரு ராடு போடாத வந்துட்டாளா?”

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிப் பின்வரிசைவரை போய் மோதித் திரும்பி வந்தது. வேலுமணி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். மகள் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் அவருக்கு வலித்திருக்க வேண்டும்.

சௌமியா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். கடையில் விலை குறைக்கச் சொல்லிக் கத்துகிறவர்களிடம் நிற்பது போலவே நின்றாள்.

“ஆமாங்க மாமா. ராடு போடலாம்னுதான் பாத்தேன். சவுண்டு மாறிருச்சுங்க.”

காளிதாஸின் கால் மேலிருந்த கால் இறங்கியது. “என்ன சவுண்டு?”

“விடியக்காலைல ஏறிட்டிருந்தோம். நானும், டோர்ஜேன்னு லடாக்குக்காரரு ஒருத்தரு, வழிகாட்டி. ஒரே கயித்துல ரண்டு பேரும் கட்டியிருந்தோம். உச்சி கண்ணுக்கு நேரா நிக்குது. கடைசியா ஒரு பனிச்சரிவு. அதுவரைக்கும் பூட்ஸ வெச்சா கெட்டியா, பாறைல ஹேமர் அடிக்கற மாதிரி டக்கு டக்குன்னு கேட்டுட்டு இருந்துச்சு. அந்தச் சரிவுல நாலு எட்டு வெச்சேன். பொத்துனு ஒரு சத்தம். காலுக்கடியில இல்லீங்க, உள்ளுக்குள்ள, தூரத்துல. மொத்தச் சரிவும் ஒரு வெரக்கடை கீழ எறங்குன மாதிரி இருந்துச்சு.”

“பொத்துன்னா?” காளிதாஸ் எழுந்தே விட்டார். “மொட்டையாவா, இல்ல இழுத்தாப்பலயா?”

“இழுத்தாப்பலங்க.”

“போச்சு,” என்றார் காளிதாஸ், பக்கத்திலிருந்தவரிடம். “உள்ள பொக்கை.”

“பொக்கைதான்,” என்றார் பக்கத்திலிருந்தவர்.

இதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பாராட்டு விழா என்று சொல்ல முடியாது. ரிக் பட்டறையில் மழைநாளில் நடக்கிற பேச்சுதான் நடந்தது. கெட்டிப் பனிக்கு அடியில் இளகின பனி எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். காற்று கொண்டுவந்து கொட்டுவது ஒரு அடுக்கு, பழையது ஒரு அடுக்கு, இரண்டும் ஒட்டாமல் நிற்கும் என்று சௌமியா சொன்னாள். நம்ம வாழப்பாடிப் பக்கம் மண்ணும் பாறையும் ஒட்டாமல் நிற்கிற மாதிரியா என்றார் இன்னொருவர். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருவர், “சரியாம இருக்கக் கேசிங் பைப்பு எறக்கியிருக்கலாம்ல?” என்று கேட்டார்.

“யோவ், மலைக்குக் கேசிங் எறக்கற மொத ஆளு நீதான்யா!” என்றது கூட்டம்.

“அந்த வழிகாட்டி என்ன சொன்னாரு?” இது ஜெகதீஸ்வரன்.

“நீங்கதான் கயித்துக்குத் தலைவர், நீங்க சொல்றதுதான்னாரு. மேல பாத்தேன். அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ, போயிருக்கலாம். ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். ஆனா என்ற கயித்துல இன்னொருத்தரு இருக்காரு. அவருக்கு ஊட்டுல ரண்டு கொழந்தைங்க. திரும்புங்கன்னேன்.”

தறிக்காரர்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் விடாப்பிடியாகக் கேட்டது. “அதெல்லாஞ் சரி பாப்பா. அடுத்த நாளு போனவிங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?”

சௌமியா வாயைத் திறப்பதற்குள் காளிதாஸ் திரும்பினார். “நீங்க தறி ஓட்டறவிங்க, இதுல தலையிடாதீங்க. பக்கத்துக் காட்டுல குழி நின்னா நம்ம காட்டுல நிக்கும்னு எந்த ஊருலீங்க சட்டம்? ராத்திரிக் குளிருல கெட்டிப்பட்டிருக்கும், போயிருப்பாங்க. சவுண்டு மாறினப்ப ராடை உருவுறவன்தான் தொழில்காரன். உருவாதவன்…” அவர் பார்வை தானாக மேடைக்குப் போயிற்று. வாக்கியத்தை முடிக்கவில்லை. இருபது வருடத்தில் காளிதாஸ் ஒரு கேலியைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வேலுமணி எழுந்து வந்தார். மகளிடமிருந்து மைக்கை வாங்கினார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. பேரம் வரும், பேச்சு வராது.

“உருவாதவன் நாந்தான்,” என்றார். “சொல்லு காளிதாசு, எதுக்கு முழுங்கற? என்ற ஹேமரு இன்னும் மராட்டியத்துல மண்ணுக்குள்ள கெடக்குது. அதே மாதிரி இந்தப் புள்ளையும் மேல கெடந்திருக்கும்.” துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். “நா ஐநூறு அடின்னு கணக்குப் பாத்தேன். அரை நாள் வேலைய உட்டுட்டு வந்துட்டயான்னு கேட்டேன். கேக்கலாமா அப்பிடி? இவ கயிறு, ஆளு, சாமான் எல்லாத்தையும் உருவி எடுத்துட்டு வந்திருக்கறா. குறிச்ச பாயிண்ட் அப்பிடியேதான இருக்குது? மலை எங்க ஓடிப் போகுது?”

கைதட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கியபோது தட்டியதைவிட அதிகமாகத் தட்டினார்கள்.

ஆனால் கணக்கைத் தீர்க்காமல் எழுந்திருக்காத ஊர் கைதட்டலோடு முடித்துவிடுமா? ஜெகதீஸ்வரன் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு சங்கடமாக நின்றிருந்தார். “இத இப்ப என்ன பண்றது? ஏழாயிரம்னு அடிச்சுப் போட்டோமே.”

“நூத்தம்பதக் கழிச்சு எழுதிக் குடுத்துடலாங்க,” என்றார் யாரோ.

“வேண்டாங்க,” என்றாள் சௌமியா. “சங்க ஆபீஸ்ல வெச்சிருங்க. வந்து வாங்கிக்கறேன்.”

“எப்ப?”

“அதுதாங்க இப்ப நீங்க சொல்லோணும்.”

கூட்டம் ‘ஓ’ என்றது. பேரத்தில் பந்து எதிராளி பக்கம் போய்விட்டதை அந்தக் கூட்டத்தில் புரிந்துகொள்ளாதவர் ஒருவருமில்லை. ஜெகதீஸ்வரன் நெளிந்தார். “அடுத்த மலைக்குன்னு சொன்னோம். அதே மலைக்குன்னா, கமிட்டில வெச்சுப் பேசிட்டு…”

“கமிட்டியே இங்கதான உக்காந்திருக்குது!” என்றார் காளிதாஸ். “நானு, நீங்க, அந்தா பொருளாளரு. பந்திக்குப் போனா அப்பறம் தூக்கம்தான் வரும். இப்பவே சொல்லுங்க.”

பொருளாளர் சாப்பாட்டு அறையின் பக்கம் ஏக்கமாக ஒருமுறை பார்த்துவிட்டு, தலையாட்டினார்.

“சரி,” என்றார் ஜெகதீஸ்வரன் மைக்கில். “அதே மலை. அடுத்த ஆடி. சங்கம் பாத்துக்கும். ஆனா ஒரு கண்டிசன் அம்மிணி. அங்க போயி மறுபடியும் சவுண்டு மாறிச்சுன்னா, சங்கம் காசு போட்டுதேன்னு பாக்காத. திரும்பிரோணும்.”

“சரிங்க மாமா.”

“அப்பறம் அதுக்கடுத்த ஆடி,” என்று வேலுமணி அவசரமாகச் சேர்த்தார். கிடைக்கிற இடத்தில் ஒன்றைக் கூடுதலாகப் பேசி வைத்துக்கொள்வது ரத்தத்தில் ஊறியது, போகாது.

பந்தியில் பூவாத்தாள் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூவாத்தாளுக்குக் கோபம் இருந்தது. மலை முடிந்தது என்று நினைத்திருந்தார். இப்போது மறுபடியும் ஒரு வருடம். பாயசம் வந்தது. தன் இலையில் விழுந்ததை மகள் இலைக்குத் தள்ளினார்.

“அந்த லடாக்குக்காரனுக்கு ரண்டு கொழந்தைங்களா?”

“ஆமாம்மா. ஒரு பையன், ஒரு பொண்ணு.”

“பொண்ணு எத்தனாவது படிக்குது?”

“மூணாவது.”

பூவாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டார். “போ. போயிட்டு வா. ஆனா போறப்ப பத்து, வாரப்ப பத்து. ஒண்ணு கொறைஞ்சாலும் ஊட்டுக்குள்ள உட மாட்டேன்.”

மறுநாள் காலையில் நாலு முக்கிலும் சங்ககிரியிலும் ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். பொதுவாக எங்கள் பக்கம் இறக்கின ஃப்ளெக்ஸ் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகும், இல்லாவிட்டால் லாரிச் சரக்குக்குப் போர்வையாகும். வேலுமணி ஐந்தையும் சுருட்டி, கயிறு கட்டி, கடையின் பரணில் ஏற்றினார். எதற்கு என்று கேட்டதற்கு, “தேதியில மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம். ஆடித் தள்ளுபடில அடிச்சது, சும்மாவா?” என்றார்.

“அந்த மாட்டு மேலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருங்கப்பா.”

“மாடு இருக்கட்டும். ராசி.”

சௌமியா சங்ககிரிக் கோட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூக்கில் புதுத்தோல் வர ஆரம்பித்திருந்தது. கடை வாசலில் முதுகுப் பையைத் திறந்து வைத்து, தேய்ந்த பிட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினாள். வேலுமணி பரணிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். பையின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“போதும் சாமி. இதுக்கு மேல எதுக்கு?”

சௌமியா பையின் வாயை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.

“இன்னொண்ணு போடுங்கப்பா.”